முதுமையடையும் செங்குழியங்கள்: ஒட்சியேற்ற நெருக்கீடும் நொதியங்களின் தளர்வும் - மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரைக்குச் சமாந்தரமாகக் கிடக்கின்றது. அதன் கிழக்கே மணற்பாங்கான எழுவான்கரை; மேற்கே நெல்வயல்கள் விரிந்த படுவான்கரை. நகரை அண்டி வாவியினுள்ளே அமைந்துள்ள தீவுகளுள் ஒன்று மாந்தீவு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தொழுநோயாளரைச் சமூகத்திலிருந்து பிரித்து வைக்கும் பொருட்டு அத்தீவிலே ஒரு வைத்தியசாலை நிறுவப்பட்டது. வாவியைச் சூழ்ந்த இதே நிலப்பரப்பு மலேரியாவினாலும் நெடுங்காலம் அல்லலுற்றது. தொழுநோய்க்கு டப்சோன் என்னும் மருந்தும், மலேரியாவின் ஒரு வகைக்குப் பிறைமாகுயின் என்னும் மருந்தும் கொடுக்கப்பட்டு வந்துள்ளன. இவை வெவ்வேறு நோய்களுக்குரியன. வேதியியல் அமைப்பிலும் வேறானவை. ஆயினும், மனிதக் குருதியிலுள்ள செங்குழியத்தின்மீது இவ்விரண்டும் ஏற்படுத்தும் விளைவு பெரிதும் ஒத்ததாகும். செங்குழியத்தை இவை ஒட்சியேற்ற நெருக்கீட்டுக்கு உள்ளாக்குகின்றன. அந்நெருக்கீட்டிலே முதலில் அழிபவை முதிய கலங்களே.

முதிய கலங்கள் ஏன் முதலில் அழிகின்றன? கலம் முதுமையடையும்போது அதனுள்ளிருக்கும் நொதியங்களுக்கு நேர்வது யாது? ஒரே மருந்தை ஒரே அளவில் உட்கொள்ளும் இருவருள் ஒருவர் நலமாயிருக்க, மற்றவர் வெளிறி மூச்சு வாங்குவது எதனால்? இவ்வினாக்களை ஆராய்ந்து, அவற்றின் விடைகள் எமது பிரதேச மக்களின் நலவாழ்வோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவற்ற கலத்தின் வாழ்வு

மனித உடலிலுள்ள கலங்களுள் செங்குழியம் தனித்தன்மை வாய்ந்தது. என்பு மச்சையிலே உருவாகும்போது அதற்குக் கரு உண்டு. முதிர்ச்சியடையும் தறுவாயில் அது தன் கருவை வெளியேற்றி விடுகின்றது. குருதியோட்டத்தினுள் புகுந்து ஓரிரு நாள்களுக்குள் எஞ்சியிருந்த இறைபோசோம்களையும் இழைமணிகளையும் இழந்து விடுகின்றது. அதன்பின் அது ஒரு புரதத்தையேனும் புதிதாக ஆக்க இயலாத கலமாகின்றது. ஏனைய கலங்கள் பழுதுற்ற நொதியத்தை அகற்றிப் புதியதை ஆக்கிக்கொள்ளும். செங்குழியமோ பிறப்பிலே பெற்ற சீதனத்தை வைத்தே வாழ்நாள் முழுவதும் காலந்தள்ள வேண்டும். அவ்வாழ்நாள் சுமார் 120 நாள்கள் ஆகும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி செங்குழியங்கள் உள்ளன. வினாடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை அழிந்து, அதேயளவு புதியவை பிறக்கின்றன. ஆகவே எந்தக் கணத்திலும் எமது குருதி இளங்கலங்களும் முதுகலங்களும் கலந்த ஒரு சமுதாயமாகவே இருக்கின்றது.

இங்கு ஒரு மயக்கத்தை முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. மனிதனின் முதுமையும் செங்குழியத்தின் முதுமையும் ஒன்றல்ல. எண்பது வயது மூதாட்டியின் உடலிலுள்ள மிக மூத்த செங்குழியத்துக்கும் வயது நான்கு மாதமே. இருபது வயது இளைஞனிடத்தும் அவ்வாறே. முதியோரின் செங்குழியங்களில் ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் ஆற்றல் குறைவுறுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில அவ்வாறு காணவில்லை. முதியவரின் உணவுக் குறைவு, நாட்பட்ட நோய்கள், அவர் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியன இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். ஆகவே இக்கட்டுரையில் முதுமை எனக் குறிப்பிடும்போது நாம் கலத்தின் முதுமையையே கருதுகின்றோம்.

ஒட்சிசனைச் சுமப்பதன் விலை

செங்குழியத்தின் தொழில் ஒட்சிசனைச் சுமப்பது. அத்தொழிலே அதற்கு ஆபத்தாகவும் அமைகின்றது. ஈமோகுளோபினிலுள்ள இரும்பு தாழ்த்தப்பட்ட நிலையில் இருக்கும்போதே ஒட்சிசனைப் பற்றவும் விடவும் வல்லது. நாள்தோறும் ஈமோகுளோபினின் ஒரு சிறு பகுதி, அதாவது நூற்றுக்கு மூன்று வரையிலான பங்கு, தானாகவே ஒட்சியேறி மெதீமோகுளோபினாக மாறுகின்றது. மெதீமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாது. இம்மாற்றத்தின்போது சுப்பரொட்சைட்டு என்னும் சுயாதீன மூலிகமும் தோன்றுகின்றது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகின்றது. இவை கட்டுப்பாடின்றிப் பெருகுமாயின், கலத்தின் புரதங்களையும் மென்சவ்வின் கொழுப்புகளையும் தாக்கிச் சிதைத்துவிடும்.

இத்தாக்குதலைத் தடுப்பதற்கு நொதியங்களின் ஓர் அணி உண்டு. சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேசு என்னும் நொதியம் மூலிகத்தை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றுகின்றது. கற்றலேசு, குளுற்றதயோன் பேரொட்சிடேசு, பேரொட்சிரெடொட்சின் ஆகிய மூன்றும் அப்பேரொட்சைட்டை நீராக்குகின்றன. மெதீமோகுளோபினை மீண்டும் ஈமோகுளோபினாக்குவதற்கு வேறொரு நொதியம் உண்டு. அதன் இடையறாத உழைப்பினாலேயே நலமுள்ள ஒருவரின் குருதியில் மெதீமோகுளோபின் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நிற்கின்றது.

குளுற்றதயோன் என்பது மூன்று அமினோ அமிலங்களாலான சிறு மூலக்கூறு. பேரொட்சைட்டை நீராக்கும்போது அது தானே ஒட்சியேற்றமடைகின்றது. அதை மீண்டும் பயன்படும் நிலைக்குத் தாழ்த்துவதற்கு என்.ஏ.டி.பி.எச். என்னும் துணைப்பொருள் வேண்டும். ஏனைய கலங்கள் அத்துணைப்பொருளைப் பல வழிகளாற் பெறலாம். இழைமணியற்ற செங்குழியத்துக்கோ குளுக்கோசு சிதைவுறும் பென்ரோசு பொசுபேற்று வழி ஒன்றே கதி. அவ்வழியின் வாயிலில் நிற்கும் நொதியம் குளுக்கோசு-6-பொசுபேற்று ஐதரசனகற்றி ஆகும். இதனை இனி ஜி.6.பி.டி. எனச் சுருக்கமாக வழங்குவோம். வாவியின் நீர் கடலோடு கலப்பதற்கு முகத்துவாரம் எவ்வாறோ, அவ்வாறே செங்குழியத்தின் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றல் முழுவதும் இந்த ஒரு நொதியத்தின் வழியாகவே பாய்கின்றது எனலாம்.

அமைதியான நிலையில் செங்குழியம் தான் பயன்படுத்தும் குளுக்கோசின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கையே இவ்வழியிற் செலுத்துகின்றது. நெருக்கீடு நேரும்போது இப்பங்கு பன்மடங்காகின்றது. ஆகவே ஜி.6.பி.டி. நொதியத்தின் தொழிற்பாட்டிற் பெரும்பகுதி இடர்காலத்துக்கான சேமிப்பே. சேமிப்புக் குறைந்திருப்பது சாதாரண நாள்களில் வெளித்தோன்றாது. இடர் வரும்போதே தோன்றும். நொதியக் குறைபாடுள்ள பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் எவ்விதக் குறையுமின்றி வாழ்ந்து, ஒரு மருந்தை உட்கொண்ட சில நாள்களில் நோயுறுவதன் விளக்கம் இதுவே.

நொதியம் எவ்வாறு முதுமையடைகின்றது?

நொதியம் ஒரு புரதம். அதன் சங்கிலி குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும்வரையே அது தொழிற்படும். காலப்போக்கில் அவ்வடிவைக் குலைக்கும் மாற்றங்கள் பல நிகழ்கின்றன. கந்தகத்தைக் கொண்ட அமினோ அமிலங்கள் ஒட்சியேறுகின்றன. குளுக்கோசு மூலக்கூறுகள் நொதியத் துணையின்றியே புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலம் தன் அமைட்டுக் கூட்டத்தை மெல்ல இழக்கின்றது. இவற்றுட் சில ஒட்சியேற்றத்தின் விளைவுகள். சில காலம் கழிவதன் விளைவுகள் மாத்திரமே. பழுதுற்ற புரதத்தைக் கலத்திலுள்ள புரதச்சிதைப்பு நொதியங்கள் துண்டாக்கி அகற்றுகின்றன. அகற்றப்பட்டதன் இடத்தை நிரப்பப் புதியது வருவதில்லை.

ஜி.6.பி.டி. நொதியத்தின் தளர்ச்சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வழமையான நொதியத்தின் தொழிற்பாடு செங்குழியத்தினுள் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 62 நாள்கள் செல்லும் என 1960களில் அளவிடப்பட்டது. ஆபிரிக்க மக்களிடையே பரவலாகக் காணப்படும் ஒரு விகார வகையில் இவ்வரைவாழ்வுக்காலம் 13 நாள்கள் மாத்திரமே. மத்தியதரைக் கடற்பகுதி மக்களிடையே காணப்படும் கடுமையான வகையிலோ அது மணிக்கணக்கிலேயே அளக்கப்படும்.

இவ்வெண்களின் பொருளை எளிய கணக்கொன்றினால் உணரலாம். வழமையான கலமொன்று 120 நாள் முடிவில் தான் பெற்ற நொதியத்தின் நாலிலொரு பங்கையேனும் வைத்திருக்கும். 13 நாள் அரைவாழ்வுடைய கலமோ 65ஆம் நாளிலேயே முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். 120ஆம் நாளில் அறுநூற்றில் ஒரு பங்குக்கும் அண்மையாகிவிடும். இங்கே பிறவியிற் கிடைத்த நொதியத்தின் தரம் மட்டுமன்றி, அந்நொதியம் முதுமையடையும் வேகமும் மாறியிருக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. பரம்பரைக் குறைபாடும் முதுமையும் இருவேறு பொருள்களாகத் தோன்றினும், இக்கலத்திலே அவை ஒன்றாகவே சந்திக்கின்றன.

சிறைச்சாலையில் அறியப்பட்ட உண்மை

இவ்வறிவு எமக்குக் கிடைத்த வரலாறு மறக்கத்தக்கதன்று. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள ஸ்ரேற்வில் சிறைச்சாலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து கைதிகளின்மீது மலேரியா மருந்துகள் பரிசோதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பிறைமாகுயின் கொடுக்கப்பட்டபோது, கறுப்பினக் கைதிகளுள் ஒரு பகுதியினருக்குச் சில நாள்களில் சிறுநீர் கருமையாயிற்று. குருதியில் ஈமோகுளோபின் வீழ்ச்சியடைந்தது. வியப்புக்குரியது யாதெனில், மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோதும் சிதைவு தானாகவே தணிந்து, குருதி மீண்டும் தேறியமையாகும்.

1954இல் வெளியான ஆய்வொன்று இதன் காரணத்தைக் காட்டிற்று. கதிர்த்தொழிற்பாடுள்ள இரும்பைக் கொடுத்து, ஒரு குறித்த காலத்திற் பிறந்த செங்குழியங்களை அடையாளமிட்ட ஆய்வாளர்கள், அவை இளமையாயிருந்தபோதும் முதுமையடைந்தபோதும் பிறைமாகுயினுக்கு எவ்வாறு ஈடுகொடுத்தன என ஒப்புநோக்கினர். மூன்று வாரங்களுக்கு உட்பட்ட கலங்கள் மருந்தைத் தாங்கின. இரண்டு மாதங்களைக் கடந்தவை அழிந்தன. முதுகலங்கள் அழிந்ததும் என்பு மச்சை இளங்கலங்களைப் பெருமளவில் வெளிவிட்டது. அவற்றில் நொதியம் போதியளவு இருந்தமையால் சிதைவு நின்றது. இரண்டாண்டுகளின்பின், 1956இல், கார்சனும் அவருடன் பணியாற்றியோரும் அக்குறைபாடு ஜி.6.பி.டி. நொதியத்தினதே எனக் கண்டறிந்தனர்.

இன்று உலகெங்கும் 40 கோடி மக்களுக்கு இக்குறைபாடு உண்டெனக் கணிக்கப்படுகின்றது. அவர்கள் அனைவருக்கும் பயன்படும் இவ்வறிவு, மறுப்புக் கூறும் சுதந்திரம் முழுமையாக இல்லாத மனிதரின் குருதியிலிருந்து பெறப்பட்டது. விஞ்ஞானத்தின் சாதனையைப் போற்றும்போது அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையும் சேர்த்து எழுதுதல் வரலாற்றுக்கு நாம் செய்யும் கடனாகும்.

ஓர் ஆய்வுமுறைச் சிக்கல்

முதுகலங்களில் நொதியங்கள் தளர்கின்றன என்ற கூற்றை மிகைப்படுத்தலாகாது. முற்கால ஆய்வுகள் பெரும்பாலும் செங்குழியங்களை அடர்த்திக்கேற்பப் பிரித்து, அடர்த்தி கூடியவற்றை முதியவை எனக் கொண்டன. கலம் முதிரும்போது நீரை இழந்து அடர்த்தி கூடுவது உண்மையே. ஆயினும் அடர்த்தி மிக்க கலங்கள் யாவும் முதியவையல்ல. மேலும், இலேசான பகுதியிற் சேரும் மிக இளங்கலங்களில் சில நொதியங்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதால், அவற்றோடு ஒப்பிடும்போது ஏனைய கலங்கள் யாவும் தளர்ந்தனவாகவே தோற்றும்.

இச்சிக்கலை 1980களில் பியூட்லர் வலியுறுத்தினார். குழந்தைகள் சிலருக்கு என்பு மச்சை தற்காலிகமாகச் செங்குழிய ஆக்கத்தை நிறுத்திவிடும் ஒரு நிலை உண்டு. அக்காலத்தில் அவர்களின் குருதியில் இளங்கலங்களே இரா. இயற்கையே முதுகலங்களைத் தனியே பிரித்துத் தந்ததற்கு ஒப்பாகும். அத்தகைய குருதியை ஆராய்ந்தபோது, நொதியத் தளர்ச்சி முன்னர் நினைத்த அளவுக்குக் கடுமையானதாகக் காணப்படவில்லை. எக்சோகைனேசு போன்ற நொதியங்கள் கலத்தின் முதல் நாள்களில் விரைந்து வீழ்ந்து, பின்னர் மெதுவாகவே குறைகின்றன.

ஆகவே வழமையான செங்குழியமொன்று 120ஆம் நாளில் இறப்பதற்கு ஏதேனும் ஒரு நொதியம் தீர்ந்துபோவதே காரணம் எனக் கூற இயலாது. பழுதுற்ற ஈமோகுளோபின் மென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டுகின்றது. அதனால் மூன்றாம் பட்டைப் புரதம் எனப்படும் மென்சவ்வுப் புரதம் கொத்துக் கொத்தாகத் திரள்கின்றது. அத்திரள்களை உடலின் இயற்கைப் பிறபொருளெதிரிகள் இனங்காண்கின்றன. மண்ணீரலிலும் ஈரலிலுமுள்ள விழுங்கு கலங்கள் அக்கலத்தை அகற்றுகின்றன. நெகிழ்வை இழந்த கலம் மண்ணீரலின் ஒடுங்கிய இடுக்குகளைக் கடக்க இயலாமற் சிக்குவதும் உண்டு. நொதியத் தளர்ச்சி இந்நிகழ்வுத் தொடரில் ஒரு கண்ணி. நெருக்கீடு மிகும்போது அக்கண்ணியே முதலில் அறுகின்றது.

மலேரியாவும் பிறைமாகுயினும்

இலங்கையின் மலேரியா வரலாறு ஏற்ற இறக்கங்கள் நிறைந்தது. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாகினர். அத்துடன் விழிப்புக் குன்றியமையால் 1967-69 காலத்தில் நோய் மீண்டும் பெருகிற்று. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெருஞ்சுமையைத் தாங்கின. 1999இல் நாட்டிற் பதிவான நோயாளர் தொகை 2 இலட்சத்து 60 ஆயிரத்தைக் கடந்தது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்திற்று.

நோய் மறைந்தமையாற் பொருள் முடிந்துவிடவில்லை. நுளம்பு மறையவில்லை; கிழக்குக் கரையோரத்தில் உவர்நீரிலும் பெருகவல்ல அனோபிலீசு இனங்கள் பதிவாகியுள்ளன. வெளிநாடுகளிலிருந்து நோயுடன் வருவோர் மூலம் தொற்று மீளும் வாய்ப்பு உண்டு. விவாக்சு மலேரியாவின் கிருமி ஈரலில் உறங்குநிலையில் தங்கிப் பல மாதங்களின் பின்னும் எழவல்லது. அதை அழிக்கும் மருந்துகள் பிறைமாகுயினும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றுமே. பிறைமாகுயின் வழமையாக 14 நாள்கள் கொடுக்கப்படும். கிருமியை அழிக்கும் அதே இயல்பே செங்குழியத்தையும் ஒட்சியேற்றுகின்றது.

இன்னொரு தொடர்பும் உண்டு. மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளிலேயே ஜி.6.பி.டி. குறைபாடு மிகுந்து காணப்படுகின்றது. ஒட்சியேற்ற நெருக்கீட்டைத் தாங்கமாட்டாத கலத்தில் மலேரியாக் கிருமியும் செழித்து வளர்வதில்லை. தொற்றிய கலம் விரைவில் அகற்றப்படுகின்றது. எனவே குறைபாடு ஒரு காலத்திற் காப்பாகவும் இருந்தது. இலங்கையிலும் இக்குறைபாடு உண்டு என்பது 1960களிலிருந்தே அறியப்பட்டது. முன்னர் மலேரியா மிகுந்திருந்த அனுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் நடைபெற்ற ஆய்வொன்று 2017இல் வெளியாயிற்று. அத்தகைய ஆய்வு வாவியின் இரு கரைகளிலும் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களிடையே விரிவாக மேற்கொள்ளப்படுதல் பயன்மிக்கது.

மாந்தீவும் டப்சோனும்

தொழுநோய்க் கிருமி 1873இல் ஹன்சனாற் கண்டறியப்பட்டது. ஆயினும் பயன்தரும் மருந்து கிடைப்பதற்கு மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. டப்சோன் 1908இல் ஜேர்மனியில் தொகுக்கப்பட்ட பொருள். அதைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள், தமிழ்நாட்டின் செங்கற்பட்டில் 1940களின் பிற்பகுதியிற் பணியாற்றிய மருத்துவர் கொக்கிறேனும் ஒருவர். தீவிலே அடைத்து வைப்பது தவிர வேறு வழியறியாதிருந்த சமூகத்துக்கு, மலிவான ஒரு மாத்திரை குணத்தைக் கொணர்ந்தது. கிருமி டப்சோனை எதிர்க்கத் தொடங்கியமையால், 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறையை விதந்துரைத்தது. இலங்கை 1983இல் அம்முறையைக் கைக்கொண்டது. அம்முறையிலும் டப்சோன் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவில் இடம்பெறுகின்றது. தேசிய மட்டத்தில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 1995இல் இறக்கப்பட்டது. ஆயினும் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். கூடுதலாகக் கண்டறியப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று.

டப்சோன் ஈரலில் மாற்றமடைந்து ஐதரொட்சிலமைன் என்னும் வழிப்பொருளாகின்றது. இவ்வழிப்பொருள் செங்குழியத்தினுட் புகுந்து, ஈமோகுளோபினை மெதீமோகுளோபினாக்கித் தானும் ஒட்சியேறுகின்றது. ஒட்சியேறிய அதனைக் குளுற்றதயோன் மீண்டும் தாழ்த்துகின்றது. தாழ்த்தப்பட்ட அது மறுபடியும் ஈமோகுளோபினைத் தாக்குகின்றது. காப்பாற்ற வந்த குளுற்றதயோனே இச்சுழற்சிக்கு எரிபொருளாவது விந்தையே. ஒரு மூலக்கூறு பலமுறை தாக்குவதால் சிறிதளவு மருந்தும் பெரிய விளைவை உண்டாக்குகின்றது.

ஜி.6.பி.டி. குறைபாடு இல்லாதோரிடத்தும் இது நிகழும் என்பது முக்கியமானது. டப்சோனை உட்கொள்ளும் ஏறத்தாழ எல்லோரிடத்தும் குருதியின் ஒவ்வொரு 100 மில்லிலீற்றருக்கும் 1 தொடக்கம் 2 கிராம் ஈமோகுளோபின் குறைகின்றது. இளங்கலங்களின் விகிதம் உயர்கின்றது. செங்குழியத்தின் வாழ்நாள் குறுகுகின்றது. குறைபாடு உள்ளோரிடத்து இவ்விளைவு மேலும் கடுமையாகும். மருந்து செங்குழியத்தை விரைந்து முதுமையடையச் செய்கின்றது எனச் சுருங்கக் கூறலாம்.

நல்ல உணவுண்ணும் ஒருவருக்கு இவ்விழப்பு பெரிதன்று. படுவான்கரையில் வயற்கூலி செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். இரும்புச்சத்துக் குறைவினால் அவளது ஈமோகுளோபின் ஏற்கெனவே 10 கிராம் அளவிலே நிற்குமாயின், மேலும் 2 கிராம் குறைவது வரம்பில் நடக்கவும் மூச்சு வாங்கச் செய்யும். உதடு நீலம் பூக்கலாம். மருந்து தனக்கு ஒவ்வாது என அவள் எண்ணி நிறுத்தினால், கிருமி பெருகி நரம்பு பழுதுறும்; கைவிரல் மடங்கும்; அதன்பின் சமூகம் அவளை நோக்கும் நோக்கும் மாறும். மாத்திரையை நிறுத்தியது அவளது அறியாமை எனப் பழிசுமத்துவது எளிது. அவளுடைய குருதியில் நிகழ்ந்ததை அவளுக்கு விளங்கும் மொழியில் எவரும் எடுத்துரைக்காமை எவருடைய அறியாமை என்பதே கேட்கவேண்டிய வினாவாகும்.

பரிசோதனைகளின் பொய்த்தோற்றம்

கலத்தின் வயதைக் கருத்திற் கொள்ளாதபோது ஆய்வுகூடப் பரிசோதனைகளும் ஏமாற்றவல்லன. அவற்றுள் மூன்றைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, குருதிச்சிதைவு நிகழ்ந்தவுடன் ஜி.6.பி.டி. அளவைச் சோதித்தால், குறைபாடு உள்ளவரிடத்தும் அது வழமையாகத் தோன்றலாம். நொதியம் குறைந்த முதுகலங்கள் அழிந்துபோக, நொதியம் நிறைந்த இளங்கலங்களே குருதியில் எஞ்சியிருப்பதே காரணம். ஐயமிருப்பின் சில மாதங்கள் கழித்து மீளச் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, இந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு பால்நிர்ணய நிறமூர்த்தங்களுள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆணுக்கு அது ஒன்றே. பெண்ணுக்கு இரண்டு, ஒவ்வொரு கலத்திலும் அவற்றுள் ஒன்று ஓய்ந்துவிடும். ஆகவே ஒரு விகாரப் பரம்பரையலகைக் கொண்ட பெண்ணின் குருதியில் இருவகைக் கலங்களும் கலந்திருக்கும். உண்டு, இல்லை என்று மாத்திரம் கூறும் எளிய பரிசோதனை அத்தகைய பெண்களைத் தவறவிடும்.

மூன்றாவது, நீரிழிவு நோயாளரிடத்துக் கடந்த சில மாதங்களின் சீனி நிலையை அறிவதற்குக் குளுக்கோசு ஒட்டிய ஈமோகுளோபினின் விகிதம் அளக்கப்படுகின்றது. செங்குழியம் 120 நாள் வாழும் என்ற எடுகோளின்மீதே இப்பரிசோதனை நிற்கின்றது. டப்சோன் உட்கொள்பவரின் செங்குழியங்கள் குறுகிய காலமே வாழ்வதால், குளுக்கோசு ஒட்டுவதற்குக் காலம் போதாது. அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சீனி கட்டுப்பாட்டில் உள்ளதென நோயாளியும் மருத்துவரும் ஆறுதலடைய, நோய் உள்ளே வளரும். நீரிழிவு மிகுந்துவரும் இக்காலத்தில் இது சிறு விடயமன்று.

இல்லத்திலுள்ள ஒட்சியேற்றிகள்

மருந்துச்சாலைக்கு வெளியேயும் ஒட்சியேற்ற நெருக்கீடு உண்டு. துணிகளுக்கு இடையே வைக்கப்படும் பூச்சியுருண்டைகளுட் பல நப்தலீனால் ஆனவை. அது உடலினுள் நப்தோகுயினோன் வகைப் பொருளாக மாறிச் செங்குழியத்தைத் தாக்கும். பெட்டியில் பூச்சியுருண்டையுடன் வைத்திருந்த பழந்துணியிற் சிசுவைச் சுற்றியமையால், குறைபாடுள்ள சிசுக்கள் கடும் மஞ்சட்காமாலைக்கு உள்ளான சம்பவங்கள் மருத்துவ நூல்களிற் பதிவாகியுள்ளன. மருதோன்றியின் செந்நிறத்துக்குக் காரணமான லோசோனும் அதே குடும்பப் பொருளே. குறைபாடுள்ள சிசுக்களின் தோலில் மருதோன்றி பூசியமையாற் குருதிச்சிதைவு நேர்ந்தமையும் பதிவாகியுள்ளது.

மருதோன்றி வாவிக்கரையின் எல்லா ஊர்களிலும் மங்கலப் பொருள். அதனைக் கைவிடவேண்டும் என்பது எமது கருத்தன்று. வளர்ந்தவரின் கையிலிடும் மருதோன்றியாற் பெரும்பாலும் தீங்கில்லை. பிறந்த சிசுவின் ஈரல் பித்தநிறப் பொருளை அகற்றும் ஆற்றலை முழுமையாகப் பெற்றிராது. ஆகவே சிதைந்த குருதியின் சுமை மூளையையே பாதிக்கக்கூடும். சிசுவுக்குப் பூசாதிருத்தலும், சிசுவின் துணியைப் பூச்சியுருண்டையின்றி வைத்து வெயிலில் உலர்த்தியபின் உடுத்தலும் எந்த மரபுக்கும் இழுக்காகா.

முடிவுரை

செங்குழியத்தின் முதுமை என்பது தன் கருவிகளைப் புதுப்பிக்க இயலாத ஒரு கலம், ஒட்சிசனைச் சுமக்கும் தொழிலாலேயே நாள்தோறும் தேய்வது. வழமையான நிலையில் அத்தேய்வு 120 நாள்களுக்குத் தாங்கும். பரம்பரைக் குறைபாடோ ஒட்சியேற்றும் மருந்தோ அத்தேய்வை விரைவாக்கும். இரண்டும் சேரும்போது கலம் வீழும். முதுகலங்கள் வீழ்ந்தபின் இளங்கலங்கள் தோன்றுவதாற் பலர் தேறுகின்றனர். ஆயினும் இளங்கலங்களை ஆக்குவதற்கு இரும்பும் போலிக்கமிலமும் புரதமும் வேண்டும். அவை உணவிலிருந்தே வரவேண்டும். இங்கே உயிரிரசாயனம் பொருளாதாரத்தோடு கைகோத்து நிற்பதைக் காண்கின்றோம்.

செய்யத்தக்கவை எளியவை. டப்சோனைத் தொடங்குமுன்னும், தொடங்கியபின் இடையிடையேயும், குருதியில் ஈமோகுளோபினை அளத்தல். பிறைமாகுயினுக்கு முன் ஜி.6.பி.டி. பரிசோதனை செய்தல், குறைபாடு அறியப்பட்டவருக்கு அதனைத் தமிழில் எழுதிய அட்டையொன்றை வழங்குதல், உதடு நீலித்தாலோ சிறுநீர் கருத்தாலோ மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டு வீட்டில் இராது உடனே வைத்தியசாலையை நாடும்படி அறிவுறுத்தல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

முற்காலத்தில் அறிவு போதாமையால் நோயாளரைத் தீவில் வைத்தோம். இன்று அறிவு போதியளவு உண்டு. அது நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் தங்கிவிடாது, வாவியைக் கடந்து படுவான்கரையின் கடைசிக் கிராமம்வரை செல்லுமாயின், குருதியில் நிகழும் இந்நுண்ணிய போராட்டத்தில் மக்கள் பக்கம் நாமும் நின்றவராவோம்.